ஊடல் காட்சிக்கான பின்னணி இசை

கம்பத்துக்கு மேலே ஏலக்காய் மலையில், வண்டன்மேட்டில் எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு அறையை ஒரு சினிமா இசையமைப்பாளர் எடுத்தார். பாலக்காட்டில் பழைய கோவில் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். காதலும் சிரிப்புமாகப் போகிற ஒரு தமிழ்ப் படம், பாட்டெல்லாம் முடிந்துவிட்டது, பின்னணி இசைதான் பாக்கி, அதற்கு அமைதியான இடம் வேண்டும் என்றார்.

எங்கள் வீட்டில் அப்போது அமைதிக்குக் குறைவே இல்லை. மகளைக் கட்டப்பனையில் படிக்கவைக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோயம்புத்தூரில் கல்லூரி, விடுதி எல்லாம் முடிவுசெய்துவிட்டு வந்து சொன்னார். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அவரும் இறங்கிவரவில்லை.

வந்தவர் மீது எனக்கு முதல் நாளே சந்தேகம் தட்டியது. இசையமைப்பாளர் என்கிறார், கையில் வாத்தியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கணினி, முழம் நீளத்தில் ஒரு கீபோர்டு, பூட்டிய பெட்டி ஒன்று. பகலெல்லாம் ஜன்னலோரம் சும்மா நிற்பார். ஒருநாள் காபி கொண்டுபோனபோது கேட்டார்.

"சேச்சி, சார் சாயங்காலம் எப்போ ஆத்துக்கு வருவார்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்லை, சும்மாதான் கேட்டேன்."

சும்மா யாராவது இதைக் கேட்பார்களா? அன்றிலிருந்து சமையலறைக் கதவைத் தாழ்போட்டே வைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வேறு சந்தேகம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்ததும் முன்னறையில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே நண்பரிடம் போனில் சத்தமாகப் பேசினார். "பாட்டுக்காரன்ங்கிறான்யா. நிலத்துக்குப் பட்டயம் இருக்கான்னு விசாரிக்க வந்த ரெவின்யூ ஆளோ என்னமோ. வீட்டுல இருக்கவங்கதான் ஆதாரை வாங்கிப் பாத்திருக்கணும்."

அதையெல்லாம் அந்த ஆள் வந்த அன்றே நான் வாங்கிப் பார்த்துவிட்டேன். அதை வாய்திறந்து சொல்ல மனசில்லை. அவருடைய காபி டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். நான் பாத்திரத்தட்டை இழுத்தேன். அவர் முன்கதவைச் சாத்தினார். அந்த நாட்களில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு காலை, துணி காயப்போட அண்ணாந்தபோதுதான் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் பூனைக்குட்டி போல ரோமம் போர்த்திய ஒரு மைக். மழையைப் பார்த்தோ மலையைப் பார்த்தோ இல்லை, நேராக எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து. இசையமைப்பாளர் நடக்கப் போயிருந்தார். கூட்டிப் பெருக்கும் சாக்கில் மாடி ஏறினேன். கணினி திறந்தபடி இருந்தது. ஹெட்போனைக் காதில் வைத்து, திரையில் ஓடுவதற்கான குறியை அமுக்கினேன். முதலில் மழை. அப்புறம் ணங்கென்று ஒரு டம்ளர். ஒரு செருமல். பாத்திரத்தட்டு. கதவு.

ஓடிப்போய் மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். "என்னங்க, மேல வாங்க!"

நான் கூப்பிட்டதே அவருக்கு அதிர்ச்சி. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறிவந்தார். ஆளுக்கொரு காதாக ஹெட்போனை ஒட்டிக்கொண்டு கேட்டோம். அவர் முகம் கறுத்தது. "இது என் தொண்டைதான?" என்றார். அந்த நேரம் பார்த்து இசையமைப்பாளர் குடையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"யாருய்யா நீ? எதுக்குய்யா எங்க வீட்டை ஒட்டுக் கேக்கிற?" என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடிக்காத குறை.

"கோபப்படாதேங்கோ. தப்புதான், கேட்டுண்டு செஞ்சிருக்கணும்." இசையமைப்பாளர் குடையை மடக்கினார். "படத்துல நாயகனும் நாயகியும் பேசாம முறைச்சுண்டு திரியற காட்சி ஒண்ணு இருக்கு. நேக்கு அதுக்கு இசையே வரலை. இங்க வந்து பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் டம்ளராலயும் கதவாலயும் பேசிக்கறேள். அதோட தாளம் பிடிபடட்டும்னுதான்..."

"அழிங்க," என்றேன்.

எங்கள் கண்முன்னாலேயே அழித்தார். நான் நம்பவில்லை. அந்தப் பூட்டிய பெட்டியில் இன்னொரு நகல் இருக்காது என்று யார் கண்டது? மறுநாள் காலி செய்துகொண்டு போய்விட்டார். போகும்போது என் வீட்டுக்காரரிடம் படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படம் வந்தது. கம்பத்தில் போய்ப் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிடக் காவல் காத்தோம் என்று சொல்லலாம். எனக்குக் கதையே ஏறவில்லை. பக்கத்தில் அவர் கைகட்டி, சினிமாவை விசாரிக்க வந்த போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. நாயகி துணி மடிக்கிறாள், நாயகன் சைக்கிளைத் துடைக்கிறான். டம்ளர் இல்லை, செருமல் இல்லை. ஒரு வயலின் நரம்பைச் சுண்டுகிறது, ஒரு பெரிய குழல் அடித்தொண்டையில் பதில் சொல்கிறது, இன்னொரு வயலின் கரகரவென்று இழுக்கிறது, ஒரு மத்தளம் படாரென்று முடிக்கிறது. தியேட்டரே சிரித்தது. நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜீப்பில் மலையேறும்போது அவர்தான் ஆரம்பித்தார். "நம்மளது இல்ல. அவன் அழிச்சிட்டான்."

"நம்மளதுதாங்க. அந்தக் குழல் நீங்கதான்."

"நான் அப்படியா செருமுறேன்?"

"அதுக்கும் மேல."

கொண்டைஊசி வளைவு முழுக்க இதே வழக்கு. மாடி விவகாரத்துக்குப் பிறகும் உப்பு, மின்சாரக் கட்டணம் என்று தேவைக்குத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ மாதமாயிற்று. கம்பம்மெட்டில் டீக்கு நிறுத்தினார். ஜீப் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளையச் சேத்தப்ப ஒன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறார் என்று உள்ளுக்குள் உறுத்தியது.

"இப்ப எதுக்கு இது?"

அவர் டீயை ஆற்றினார். "அவ ரெண்டு கூட்டுக்காரிகளோட லீவுக்கு வாரா. மாடி ரூமைக் குடுத்துர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று கீழே கம்பத்து விளக்குகள் தெரிகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.