ரேடியோ பிணமான கதை

அந்தக் குடியிருப்பில் குழாய் ஒழுகினால் எல்லோரும் கூப்பிடுவது ரேடியோவைத்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எந்த ஓட்டையையும் அடைத்துவிடுவார். தன் வாயை அடைப்பது மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கொலைகளில் துப்புத் துலக்கும் தொலைக்காட்சித் தொடர் என்றால் அவருடைய மகளுக்கு உயிர். டியூஷன் முடிந்து வந்து மறுஒளிபரப்பில்தான் பார்ப்பாள். போன வாரம் ரேடியோ வேலைக்குப் போன வீட்டில் முதல் ஒளிபரப்பையே பார்த்துத் தொலைத்தார். வந்து செருப்பைக் கழற்றும்போதே, "வாட்ச்மேன்தான் கொன்னான்" என்று போட்டு உடைத்தார். மகள் பேச்சை நிறுத்தினாள். அப்பாவும் மகளும் இடித்துக்கொண்டு உட்காரும் சோபாவை விட்டுத் தனி நாற்காலிக்குப் போய்விட்டாள். அதுதான் அவரைப் போட்டுக் குடைந்தது.

இந்த நேரம் பார்த்து, அதே தொடரின் படப்பிடிப்பு நடக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. சமையலறை சிங்க்கில் அடைப்பு. ரேடியோ சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்து, காலை நீட்டிப் படுத்து வேலையில் இறங்கினார். பிணமாக நடிக்க வேண்டியவர் வரவில்லையே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த டைரக்டரின் கண்ணில் அந்தக் கால்கள் பட்டன.

"அண்ணே, அப்படியே அசையாம கிடங்க. பேசக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"பேசக் கூடாதுன்னேன்."

அங்கே கிடந்தவருக்குத் தரைமட்டம்தான் தெரிந்தது. பச்சை ஷூ போட்ட இரண்டு கால்கள் வந்தன. ஒரு கை கீழே நீண்டு, படமெடுக்கும் முன் பிணத்தின் கையில் திணித்திருந்த சாவியை உருவியது. கால்கள் திரும்பிப் போயின. கதையில் பச்சை ஷூ போடுகிறவர் பாட்டு வாத்தியார். நடக்க நடக்கக் குதிகால் ஷூவைவிட்டு வெளியே வந்தது. பாவம், அளவு பார்த்து வாங்கித் தரக் கூடாதா என்று பிணம் பரிதாபப்பட்டது.

கொலைகாரன் யாரென்று தெரிந்துபோனதில் ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அடுத்த பிணம் நான்தான்" என்று அறிவித்தார். அன்றுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா இனிமே உங்ககூட உட்கார்ந்து எதையுமே பார்க்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ரேடியோ நடுங்கிப்போனார்.

குடியிருப்பே அவரை மொய்த்தது. "காதோட மட்டும் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சாதவர் இல்லை. ரேடியோ ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே வேலை பார்த்தார். யார் கேட்டாலும் "ம்ம்" மட்டும். "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடக்க முடியாமல் போனபோது குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, "பாட்டு வாத்தியார்தான்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஒளிபரப்பு நாளில் மகள் டியூஷனுக்கு மட்டம் போட்டாள். கூடத்தில் எள் விழ இடமில்லை. திரையில் ரேடியோவின் கால்கள் வந்ததும் கைதட்டல் கிளம்பியது.

"இந்தப் பேன்ட்டைத்தான் தூக்கிப் போடச் சொன்னேன்" என்றாள் மனைவி.

போலீஸ் பாட்டு வாத்தியாருக்கு விலங்கு மாட்டியது. ரேடியோ துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

"அவர் இல்ல," என்றாள் மகள், நாற்காலி நுனிக்கு வந்து. "குதிகால் வெளிய வந்துச்சே. அது வேற யாரோ அவரோட ஷூவைப் போட்டுட்டு வந்தது."

திரையில் துப்பறியும் பெண்ணும் அதையே சொன்னாள். வாத்தியாரின் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தவர், மாடி வீட்டு மருந்துக் கடைக்காரர்.

துண்டு மடியில் விழுந்தது. "அப்போ வாத்தியார் இல்லையா?" என்றார் பிணம்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளா இதையா அடக்கி வச்சிருந்தீங்க?"

சிரிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சோபாவில் அவரை இடித்துக்கொண்டு விழுந்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா. மொதல்லேருந்து, ஒண்ணு விடாம."

ரேடியோ ஆரம்பித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மகள் எழவில்லை.