செவ்வாய்க்கிழமை மூன்று இருபது விமானம்

யாருக்கும் சமைத்துப் போடுவதற்காக அல்லாமல், எவருடைய கல்யாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ அல்லாமல், சும்மா ஓர் இடத்தைப் பார்த்து வருவதற்காக உங்கள் அம்மா கடைசியாக எப்போது பயணம் போனார்? யோசித்துப் பாருங்கள். அவசரமில்லை.

வசந்தமலரிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் "ஒருநாளும் இல்லை" என்று உடனே சொல்லியிருப்பார். வால்தம்ஸ்டோவில் இருக்கும் அவருக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டுகிறார். பாரிசுக்கு மூன்று தரம் போயிருக்கிறார், மூன்றும் சாமத்தியவீடு, சொந்தக்காரப் பெண்பிள்ளைகளின் பூப்பு விழா. சுவிசுக்குக் கல்யாணம். டொரொன்டோவுக்கு மரணச் சடங்கு. ஐபெல் கோபுரத்தைக் கார் கண்ணாடிக்குள்ளால் ஒரு நிமிடம் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவரின் குசினியில் வெங்காயம் வெட்டினார். நான்கு வருடத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் போனபின் அந்த அழைப்புகளும் குறைந்துவிட்டன. மங்கல காரியத்துக்கு விதவை முன்னுக்கு நிற்கக்கூடாதாம். வெங்காயம் வெட்டலாமாம்.

போன குளிர்காலம் முழுவதும் அவருடைய பஸ் நிற்கும் ஒரு சிக்னலுக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகை இருந்தது. சிசிலித் தீவு. மலையை வெட்டிப் போட்ட தெரு, கீழே நீலக் கடல், தெருவில் ஒரு சின்ன பஸ். மற்றவர்கள் கடலைப் பார்த்திருப்பார்கள். வசந்தமலர் அந்த பஸ்ஸைப் பார்த்தார். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாரோ ஓட்ட, தான் வெளியே பார்த்தபடி போனால் எப்படி இருக்கும்?

ஜூன் மாதத்தில் லீவு கிடைத்தது. செவ்வாயில் இருந்து அடுத்த செவ்வாய் வரை, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. புதன் அதிகாலை ஷிப்ட். சாரதிகளின் லீவு கராஜில் சுழற்சி முறையில் வருவது. மாற்றித் தா என்று கேட்டால் அடுத்த வருடம்தான்.

அவர் திட்டம் போட்ட விதம் பார்க்கவேண்டிய ஒன்று. பஸ் சாரதிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு டியூட்டி காட் கொடுப்பார்கள்: எந்தத் தரிப்பில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எங்கே ஓய்வு என்று எல்லாம் அதில் இருக்கும். வசந்தமலர் தன் விடுமுறைக்கும் ஏழு டியூட்டி காட் எழுதினார். செவ்வாய் கற்றானியா. புதன் சிராகூசா. வியாழன் தென்கரை வழியே அக்ரிஜென்றோ. இரண்டு பஸ், இடையில் நாற்பது நிமிடம், அதில் ஒரு கோப்பி. வெள்ளி ரயிலில் பலேர்மோ. இப்படியே வட கரையால் சுற்றி மறுபடி கற்றானியா. தென்கரை பஸ்ஸின் நேர அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டு, ஞாயிறை ரயில் ஓடும் வட கரைக்குத் தள்ளினார். ஒவ்வொரு டியூட்டி காட்டிலும் சாரதி என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே புதிதாக ஒரு வரி: பயணி, வசந்தமலர்.

மகள் ஜதுர்ஷிகா அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது ஹொலிடேயா, ஷிப்டா? டொய்லெட் பிரேக் கூட போட்டிருக்கிறீங்கள்."

"பத்தொன்பது வருசம் பஸ் ஓடிப்பார், அப்ப விளங்கும் ஏன் போட்டனான் எண்டு."

டிக்கெட்டைப் பதிவு செய்ய இருந்த ஞாயிறன்று மனோர் பார்க்கில் இருந்து அண்ணன் சபாரத்தினம் வந்தார். கையில் ஒரு நாட்காட்டி. பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையோடு இலவசமாகக் கொடுப்பது. அவருடைய வீட்டில் பிள்ளையின் பரீட்சை முதல் பல் பிடுங்குவது வரை அதைக் கேட்டுத்தான் நடக்கும்.

"தனியப் போறியாம்?"

"ஓம் அண்ணை."

"ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"நீங்கள் போன வருசம் கப்பலில பத்து நாள் போனீங்கள். அப்ப என்ன கதைச்சவை?"

"அது வேற."

என்ன வேறு? சபாரத்தினமும் துணையை இழந்தவர்தான். அவர் மனைவி, வசந்தமலரின் மச்சாள், போய் எட்டாவது மாதம் கப்பல் ஏறினார். "பாவம், மனம் ஆறட்டும்" என்று ஊரே சொன்னது. ஆணின் மனம் கடலில் ஆறும். பெண்ணின் மனம் குசினியில் கிடந்து ஆறவேண்டும். இதற்குப் பெயர் பண்பாடு என்றால், அந்தப் பண்பாட்டைக் கொஞ்சம் வெளுத்துக் காயப்போட வேண்டியிருக்கிறது.

சபாரத்தினம் நாட்காட்டியை விரித்தார். "சரி, போறதெண்டால் போ. ஆனா செவ்வாய் மூண்டில இருந்து நாலரை மட்டும் ராகுகாலம். உன்ர பிளேன் மூண்டு இருபது. நீ முதலே பட்ட பாடு காணாதோ? வெள்ளி காலமை போ."

வெள்ளி போனால் மூன்று நாள் போய்விடும். அதைவிட மோசம், சிராகூசாவில் இருந்து புறப்படும் நாள் சரியாக ஞாயிறில் விழும். பஸ் இல்லை. தீவைச் சுற்றவே முடியாது. ஒரு மூலையில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வசந்தமலர் ஏழு டியூட்டி காட்டையும் பார்த்தார். பத்துப் பொருத்தமும் பார்த்து, நாள் பார்த்து, நாழிகை பார்த்துச் செய்துவைத்த தன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் ஐம்பத்து நான்கில் போய்விட்டார். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. பதிலாக நாட்காட்டியை வாங்கினார்.

அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி இருந்தது. நேர அட்டவணையில் அடிக்குறிப்பைப் பார்க்காத சாரதி நடுத்தெருவில் நிற்பான். அவர் அதைப் பார்க்கப் பழகியவர்.

"அண்ணை, கண்ணாடியைப் போட்டு இதை வாசியுங்கோ."

சபாரத்தினம் வாசித்தார். "சூரிய உதயம் காலை ஆறு மணி எனக் கொண்டு கணிக்கப்பட்டது."

"ஜூனில லண்டனில சூரியன் எத்தினை மணிக்கு வாறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் அப்ப நித்திரை."

"நான் அப்ப பஸ் எடுக்கிறனான். நாலு நாப்பத்து மூண்டு. படுறது ஒன்பதேகால் தாண்டி. பகலை எட்டாய்ப் பிரிச்சு, செவ்வாய்க்கு ஏழாவது பங்குதானே ராகு?" பழைய டியூட்டி காட் ஒன்றின் பின்புறத்தில் கணக்கு ஓடியது. பங்குக்கு நூற்று இருபத்து நாலரை நிமிடம். "உங்கட ராகு வாறது அஞ்சு பத்துக்கு. மூண்டு இருபதுக்கு அவர் இன்னும் டியூட்டிக்கே வரேல்ல."

மகள் சத்தமாகச் சிரித்தாள். சபாரத்தினம் கணக்கை இரண்டு தரம் பார்த்தார். பிழை இல்லை.

"பொறுங்கோ, முடியேல்ல," என்றார் வசந்தமலர். "நீங்கள் வீடு குடிபுகுந்தது ஜூன் மாசம், சனிக்கிழமை. ஒன்பதில இருந்து பத்தரை ராகுகாலம் எண்டு எல்லாரையும் மழைக்க வாசலில நிப்பாட்டினீங்கள். இவள் ரெண்டு வயசு, என்ர இடுப்பில. மச்சாள் பால் சட்டியோட நடுங்கினவ. பத்தே முக்காலுக்குத்தான் உள்ள போனனாங்கள்."

"ஓம். நல்ல நேரம்."

"சனிக்கு மூண்டாவது பங்கு. இஞ்ச எட்டு ஐம்பத்திரண்டில இருந்து பத்து ஐம்பத்தாறு. வெளியிலயும் ராகுவுக்க நிண்டு, அந்தாளின்ர மடியில வைச்சே பால் காய்ச்சியிருக்கிறம் அண்ணை."

சபாரத்தினம் மெதுவாகத் தலையைத் தடவினார். இருபத்திரண்டு வருடம். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்து ஆளானார்கள். கூரை ஒரு தரம்கூட ஒழுகவில்லை.

"அப்ப... ஒண்டும் நடக்கேல்லையே?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல.

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

ஜதுர்ஷிகா கணினியை அம்மாவின் பக்கம் திருப்பினாள். வசந்தமலர் பட்டனை அழுத்தினார். செவ்வாய், மூன்று இருபது, ஒரே ஓர் ஆள்.

விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவர் சபாரத்தினம்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு பத்துக்கு முதல் மேல ஏறியிடுவாய், பயமில்லை." முப்பது வருடப் பழக்கம் ஒரு மாதத்தில் விடாது. வசந்தமலர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து பத்துக்கு ஜன்னலுக்குக் கீழே கடல் தெரிந்தது. அவர் இன்னொரு கோப்பி கேட்டு வாங்கினார்.

வியாழக்கிழமை, தென்கரைத் தெரு. பஸ் நான்கு நிமிடம் பிந்தி வந்ததை அவர் கவனித்தார், மன்னித்தார். முன் இருக்கை. வளைவு ஒன்றில் சாரதி பிரேக் பிடித்தபோது வலது கால் தானாக அழுத்தியது. அடுத்த வளைவில் அழுத்தவில்லை. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல், கையில் ஒன்றுமில்லை. குடும்ப வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார்: கண்ணாடிக்கு வெளியே தெரு, கண்ணாடியில் அவருடைய சிரிப்பு. கீழே எழுதினார்: "டியூட்டி காட் மூண்டு. சரியாய் ஓடுது."

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் வீட்டிலும் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதன் அடிக்குறிப்பை ஒரு தரம் வாசியுங்கள். பிறகு குசினிக்குப் போய் அடுப்பை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். "எனக்கென்ன ஆசை" என்றுதான் முதலில் சொல்லுவார். விடாமல் இன்னொரு தரம் கேளுங்கள். ஊரின் பெயர் வாயில் இருந்து வந்ததும், நாள் பார்க்காமல் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.