அண்ணி ஊதிய விசில்

ஒஸ்லோவின் புருசெத் அடுக்குமாடிகளில் பல்கனிக் கொடியில் காய்கிற உடுப்பை வைத்தே அது யார் வீடு என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுக் கொடியில், அண்ணனின் வேலைச் சட்டைக்கும் பிள்ளைகளின் காலுறைகளுக்கும் நடுவே, கோடை முழுவதும் ஒரு மஞ்சள் சட்டை தொங்கும். கறுப்புக் கழுத்துப்பட்டி, நெஞ்சின் இரு பக்கமும் பொத்தான் வைத்த பைகள். கீழே நடந்துபோகிற தமிழ் ஆட்கள் அது அண்ணனுடையது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். அது அண்ணியின் சட்டை. உதைபந்தாட்ட நடுவர் போடுகிற சட்டை.

எங்கள் கழகம் பெயர் சொன்னால் தெரிகிற கழகம் அல்ல. நோர்வேயின் உதைபந்தாட்டப் பிரிவுகளை மேலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால், சொல்பவர் களைத்து நிறுத்துகிற இடத்துக்கும் கீழே நாங்கள் ஆடினோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் மன்னாரிலிருந்தும் அகதிகளாக வந்த இளந்தாரிகள், ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் சரளைக்கல் பரப்பிய ஒரு கிரவல் மைதானத்தில் கூடி உதைக்கத் தொடங்கியதுதான் பிறகு கழகமாயிற்று. நகரின் தெற்கே ஹொல்ம்லியாவில் குடியிருந்தவர்கள் ரயிலேறி, நகரத்தில் இறங்கி, சுரங்க ரயில் மாறி வருவார்கள். வாரம் முழுவதும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடங்களில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரையொருவர் உரத்துப் பெயர் சொல்லிப் பந்து கேட்கிற சுகத்துக்காகவே பலர் வந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் வந்து சேர்ந்தபோது அண்ணன்தான் கழகத்தின் தலைவரும் பயிற்றுநரும். அவருடைய வீட்டின் சின்ன அறையில் நான் குடியிருந்தேன். அணியில் இடது பின்வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பந்து உதைக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். சிறுவர் அணிகளைப் பதிவுசெய்தோம். சிறுவர் ஆட்டம் என்றால் எந்த மைதானத்தில் நடக்கிறதோ அந்தக் கழகமே நடுவரையும் தரவேண்டும் என்பது இங்கே வழமை. பாடசாலை வகுப்பறை ஒன்றில் கூட்டம் போட்டு, யார் நடுவர் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்று அண்ணன் கேட்டார். எல்லோருக்கும் விளையாடத்தான் ஆசை. ஏச்சு வாங்குகிற வேலைக்கு யார் போவார்? தலைகள் குனிந்தன. கூட்டத்துக்குத் தேநீரும் றோல்ஸும் கொண்டுவந்திருந்த அண்ணி, கடைசி மேசையில் கோப்பைகளை அடுக்கியபடியே, "நான் போறன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். அண்ணி மன்னார்க்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலையில் வலைப்பந்து ஆடியவர், அணித்தலைவியாகவும் இருந்தவர். இதெல்லாம் அந்த அறையில் அண்ணனைத் தவிர எனக்கு மட்டுந்தான் தெரியும். அதுவும் ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதால்தான்.

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, மாலை வகுப்புக்குப் போய் அவர் படித்தார். நோர்வேஜிய மொழியில் உதைபந்தாட்ட நடுவருக்கும் நீதிமன்ற நீதிபதிக்கும் ஒரே சொல், 'டொம்மர்'. தமிழ்க்கடையில் யாரோ அதைப் பாதியாகக் கேட்டுவிட்டு, தலைவரின் மனைவி நீதிபதிக்குப் படிக்கிறா என்று பரப்பிவிட்டார்கள். சில வாரங்கள் அண்ணிக்கு அந்தக் கடையில் தனி மரியாதை கிடைத்தது. உண்மை தெரிந்ததும் அது போய்விட்டது. குளிர்காலத்தில், வேலையால் வந்த கையோடு, வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு ஆணிப் பட்டி மாட்டிக்கொண்டு பனியில் அடுக்குமாடிகளைச் சுற்றி ஓடுவார். நாலு மணிக்கே இருட்டிவிடுகிற மாதங்கள் அவை. முதல் நாள் எதிரே வந்த பக்கத்து வீட்டு ஐயா பதறிப்போய், "என்ன பிள்ளை, என்ன நடந்தது, யாருக்கு என்ன?" என்று கேட்டு இவருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் தானும் ஓடியிருக்கிறார்.

இளவேனிலில் சிறுவர் ஆட்டங்கள் தொடங்கின. அண்ணி ஊதுகிற விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. விசில் குறுகலாக வரும், கை நேராக நீளும், பிறகு ஒரு சொல் வராது. தவறு செய்த பிள்ளையின் பக்கம் குனிந்து, என்ன பிழை என்று காதுக்குள் சொல்லிவிட்டு ஓடுவார். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற தகப்பன்மாரைத்தான் அவருக்குப் பொறுக்காது. ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கத்துத் தகப்பன் ஒருவர் விடாமல் கத்திக்கொண்டு நின்றார். அண்ணி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் நடந்துபோய், "அண்ணை, நீங்கள் கத்திறது எனக்குக் கேக்கேல்லை. உங்கடை பிள்ளைக்குக் கேக்குது" என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வந்தால் வாஃபிள் சுடுகிற மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

இனி அந்த இலையுதிர்கால ஆட்டம். எங்கள் பெரியவர் அணிக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பிரிவு மேலே போக வாய்ப்பு வந்திருந்தது. கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், எல்லிங்ஸ்ருட் பக்கத்து அணியோடு. வென்றால் மேலே போகிறோம், இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். கிரவல் போய்ப் புதிதாகச் செயற்கைப் புல் விரித்திருந்தார்கள். அதன்மேல் பேர்ச் மரத்து மஞ்சள் இலைகள் ஒட்டிக் கிடந்தன. எப்போதும் கோட்டோரம் பத்துப் பேர் நிற்கிற எங்கள் ஆட்டத்துக்கு அன்று குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாம் இருந்தது, நடுவர் மட்டும் இல்லை. வழியில் கார் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. இரு அணியும் சம்மதித்தால் அங்கே நிற்கிற தகுதியுள்ள ஒருவர் ஊதலாம் என்பது விதி. அண்ணியின் பெயரைச் சொன்னது நாங்கள் அல்ல, எல்லிங்ஸ்ருட் அணியின் தலைவர். அவருடைய மகன் ஆடிய ஆட்டங்களில் அண்ணி ஊதியதை அவர் பார்த்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெல்லாமலே வென்றுவிட்ட முகங்கள்.

வீட்டுக்குப் போய் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த அண்ணி, இரு அணிகளையும் நடுவட்டத்தில் கூப்பிட்டார். முதலில் நோர்வேஜிய மொழியில் சொன்னார், பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில்: "இந்த மட்ச் முடியிற மட்டும் ஒருத்தரும் என்னோடை தமிழிலை கதைக்கக் கூடாது. அண்ணி, அக்கா ஒண்டும் வேண்டாம்." அதுதான் அவர் அன்று மைதானத்துக்குள் பேசிய கடைசித் தமிழ்.

முதற்பாதியில் ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒன்றும் அமையவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. எங்கள் அணியின் உயிர் பத்தாம் நம்பர்க்காரன். ஹொல்ம்லியாவிலிருந்து வருகிறவன், பந்தைக் காலால் தடவிக்கொடுக்கிற மாதிரி ஆடுபவன். உயர்ந்து வந்த பந்துக்குக் கூட்டத்தின் நடுவே அவன் எழும்பினான். பந்து வலைக்குள் கிடந்தது. நான் பாதி மைதானத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். எதிரணியின் கோல் காப்பாளர் ஏதோ கத்தினார். கோல் விழுந்தால் காப்பாளர்கள் கத்தத்தானே செய்வார்கள்? மற்ற எல்லிங்ஸ்ருட் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது விசில் கேட்டது. அண்ணி தன் முன்கையை மற்றக் கையால் தட்டிக் காட்டினார். கையில் பட்டது. கோல் இல்லை.

எங்கள் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அண்ணன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "உனக்கென்ன விசரோ?" என்று தமிழில் கேட்டார். அண்ணி அவரை நேரே பார்த்து, மிகத் தெளிவான நோர்வேஜிய மொழியில், பயிற்றுநர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும், தயவுசெய்து போங்கள் என்றார். கல்யாணம் செய்த நாளிலிருந்து மனைவி தன்னோடு ஒருநாளும் பேசியிராத மொழியில் பேசியதைக் கேட்ட அண்ணன், அதை எதிர்பாராதவர்போல, சொன்னபடியே பின்னால் நடந்துபோய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். பத்தாம் நம்பர்க்காரன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

அன்று மைதானத்திலிருந்து அண்ணி தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தார். மேசையில் புட்டும் மீன்குழம்பும் இருந்தன. அண்ணன் கடைசியில், "நீ உண்மையிலை கண்டனியோ?" என்று கேட்டார். அண்ணி, "அது கோல் இல்லை" என்று மட்டும் சொல்லி, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் கோயிலடியிலும் கடையிலும் அவரைக் கண்டு முகம் திருப்பியவர்கள் உண்டு. சொந்தச் சனத்தின் வாயில் மண் போட்டவள் என்று ஒரு பெண்ணே அவர் காதுபடச் சொன்னாள். பத்தாம் நம்பர்க்காரன் வராமல் விட்டான். அவனோடு ஹொல்ம்லியா ஆட்களில் பாதிப் பேரும் போய்த் தனியே ஓர் அணி கட்டினார்கள். எங்கள் பெரியவர் அணி அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. ஆள் சேராமல், சில வருடங்களில் பதிவையும் விட்டுவிட்டோம். பிரிவு மேலே போயிருந்தால் கழகம் உடைந்திருக்காது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அண்ணி ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. அடுத்த வசந்தத்தில், அவரோடு பேசாதவர்களின் பிள்ளைகளுக்கும் அதே மாதிரிக் குனிந்து காதுக்குள் பிழை சொன்னார். எல்லிங்ஸ்ருட் ஆட்கள் எங்கே என்ன சொன்னார்களோ, நகரத்தின் மற்ற மைதானங்களிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரத் தொடங்கியது. பெரியவர் ஆட்டங்களையும் ஊதினார். தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த ஆண்களுக்கு நடுவே ஓடித் திரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் மறு கோடியில், மழைக்குள் நடந்த ஆட்டமொன்றில் கோட்டோரம் குடைபிடித்துக்கொண்டு அண்ணன் நின்றதை நான் கண்டேன். ஆடிய இரண்டு அணிகளிலும் அவருக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. கேட்டதற்கு, "அவ ஊதிறதைப் பாக்க வந்தனான்" என்றார். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் சட்டையைக் கொடியில் போடுகிறவர் அவராகத்தான் இருந்தார்.

நடுவராக ஒரு தமிழ்ப் பெண் ஓடுவதைப் பார்த்த தாய்மார்தான் முதலில் தங்கள் பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளோடு சோமாலிப் பிள்ளைகளும் பாகிஸ்தான் பிள்ளைகளும் வந்தார்கள். அண்ணி அவர்களுக்கு ஓர் அணி கட்டினார். ஆண்கள் தொடங்கிய கழகத்தில் இன்று மிஞ்சியிருப்பது அந்தப் பெண்கள் அணிகள்தாம். எங்கள் பழைய நிறத்தில்தான் ஆடுகிறார்கள். எங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வருடங்கள் கழித்து ஒரு பயிற்சி நாளில் பத்தாம் நம்பர்க்காரன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் பிடித்திருந்த மகள் காலால் ஒரு கல்லைத் தட்டிக்கொண்டே வந்தாள். தகப்பனின் அதே கால். அவன் அண்ணிக்கு முன்னால் நின்று, "அக்கா, இவளை உங்களிட்டை விடலாமோ?" என்று கேட்டான். ஹொல்ம்லியாவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல கழகங்கள் இருந்தன. ஏன் அங்கே விடவில்லை என்று அண்ணி கேட்கவில்லை. பிள்ளையின் சப்பாத்து அளவைக் கேட்டார், கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை நகரத்தில் ஓர் ஆட்டம் ஊதிவிட்டு அவர் திரும்பும்போது சுரங்க ரயிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன். அவன் அந்தக் கோலைப் பற்றி ஏதும் சொன்னானா என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு, "தம்பி, கை பட்டதை நான் வடிவாக் காணேல்லை" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"காப்பாளர் இடையிலை நிண்டவர். பந்து திரும்பின விதம் மட்டும் ஒரு மாதிரிக் கிடந்தது. கோல் அடிக்கிறவன் முதல்லை தன்ரை ஆக்களைப் பாப்பான். அவன் முதல்லை என்னைப் பாத்தவன்."

அப்படியென்றால், அவன் பார்க்காமல் விட்டிருந்தால் என்று கேட்டேன்.

"கோல் குடுத்திருப்பன். நீங்கள் மேலை போயிருப்பியள்" என்றார். ரயில் புருசெத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டியபடி அண்ணி எழுந்தார். "ஆனா ஏமாத்திறவன் அப்பிடிப் பாக்கமாட்டான், தம்பி. அவன் நல்லவன். அதுதான், அண்டைக்கு என்னோடை கத்தாமல் நிண்ட ஒரே ஆள் அவன்தான்."