மார்கழி அணி

கல்யாணப் பத்திரிகையைக் கண்டால் எனக்கு இன்றும் ஆகாது. யாருக்கோ நல்லது நடக்கப் போகிறது என்ற நினைப்பே வராது. எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்றுதான் முதலில் தோன்றும். திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

எங்களுடையது நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சென்னையில் உடற்பயிற்சி படித்துவிட்டு நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. எல்லாரும் என்னை டிரில் டீச்சர் என்றார்கள். வெயிலில் நின்று கைகாலை ஆட்டுவதற்கு ஒரு சம்பளமா என்று என் சொந்த அக்காளே கேட்டாள். ஒரு நல்ல அணியைக் கட்டி, வெளியூர்க் கல்லூரியோடு ஆடிக் காட்டினால் எல்லார் வாயும் தானாக மூடும் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

அணியைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? அப்போதெல்லாம் பெண்களுக்கு ஆறு பேர் ஆட்டம். மைதானத்தைக் கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு பேரை நிறுத்த வேண்டும். தன் கட்டத்தை விட்டு ஒருத்தி தாண்டக் கூடாது. ஆகவே ஒருத்தி போனால் ஒரு கட்டமே படுத்துவிடும். எனக்கோ ஆவணியில் ஒருத்தி, ஐப்பசியில் ஒருத்தி என்று பத்திரிகை வந்துகொண்டே இருந்தது. தாலி ஏறிய பிறகு சிலர் வகுப்புக்கு வருவார்கள். பந்தைத் தொட மாட்டார்கள்.

முகூர்த்தம் இல்லாத மாதங்களை நம்பித்தான் நான் காலம் தள்ள வேண்டியிருந்தது. ஆடியில் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள்; ஆனால் இந்த ஊரில் அது கர்க்கடக மழைக்காலம். எங்கள் செம்மண் மைதானத்தில் தவளைதான் ஆடும். மிச்சம் இருப்பது மார்கழி. பஞ்சாங்கம் பார்த்து விளையாட்டுக்கு நாள் குறித்த கிறிஸ்தவச்சி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடுக்கட்டத்தில் ஆடியவள் கரமனை அக்ரகாரத்துப் பெண். உயரம் போதாது. ஆனால் பந்து எங்கே வரும் என்பது அவள் கைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவள் கைக்கு எட்டிய பந்து கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. தோல் பந்தைத் தொட்டுவிட்டு வருகிறாள் என்பதால், வீட்டுக்குப் போனதும் கொல்லைப்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மழையிலும் அப்படித்தான். அதற்கெல்லாம் அவள் அலுத்துக்கொண்டதே இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை.

"எங்களுக்குள்ளேயே ஆடிண்டிருந்தா என்ன டீச்சர்? அசலூர்க்காராளோட ஒரு மேட்ச். ஒண்ணே ஒண்ணு. அது போரும் எனக்கு."

என் ஆசையும் அதுவேதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று மார்கழித் தொடக்கத்தில் வந்து ஆட ஒப்புக்கொண்டது. அந்த வருஷம் பார்த்து அவளுக்கு வரனும் அமைந்துவிட்டது. பையனுக்கு டில்லியில் ஆபீஸ் வேலை. தையில் முதல் முகூர்த்தம். நான் கரமனைக்கு ஓடினேன். அவள் தகப்பனார் நல்ல மனுஷர்.

"மார்கழி முழுக்க ஆடட்டும் டீச்சர், எனக்கொரு விரோதமுமில்லை. தை பொறந்தா அவ எங்காத்துப் பொண்ணில்லையாக்கும். அப்பறம் நான் வாக்குக் கொடுக்கப்படாது."

நியாயமான பேச்சு. ஆனால் அந்த வருஷம் துலாமழை, அதாவது ஐப்பசி மழை, அந்த மாதத்தோடு நிற்காமல் மார்கழி வரை பெய்தது. நாகர்கோவில் சாலை உடைந்து பஸ் ஓடாமல் போயிற்று. ஆட்டம் தள்ளிப்போயிற்று. சாலை சரியானபோது கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிட்டது; அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் பண்டிகையே எனக்குக் குறுக்கே வந்து நின்றது. அந்த வருஷம் சர்ச்சில் எல்லாரும் பாடும்போது எனக்கு வாய் திறக்கவே இல்லை. ஆட்டத்துக்குப் பொங்கல் கழித்து வேறு நாள் குறித்தார்கள். அது அவள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம்.

மறுபடியும் கரமனைக்குப் போனேன்.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது டீச்சர். கல்யாணம் முடிஞ்ச கையோட ரெண்டுபேரும் ரயிலேறணும். நான் என்ன செய்யட்டும், நீங்களே பறையுங்கோ."

அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தல் ஓரமாக எனக்கென்று தனி நாற்காலி, சாப்பாடும் தனியாக. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. சாயங்காலம் நலுங்கு வைத்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பூப்பந்து போட்டு விளையாடச் சொல்வார்களே, அந்தச் சடங்கு. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் இருந்தார்கள்.

மாப்பிள்ளை பாவம், பேனா பிடித்த கை. பந்து கோணலாக, அவளுக்கு இடப்பக்கம் விலகிப் போயிற்று. அவள் இடது கை தானாக எழுந்தது. நான் பழக்கிய கை, எனக்குத் தெரியாதா? பின்னால் இருந்த அவள் அம்மா, "மெல்ல, மெல்ல" என்றாள். பாதியில் அந்தக் கை நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிவிட்டது. பந்து ஜமக்காளத்தில் விழுந்து மல்லிகை உதிர்ந்தது.

"பொண்ணுக்குப் பந்து பிடிக்கவே தெரியலையே!" என்று ஒருத்தி சொல்ல, பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் சாம்பிராணிப் புகை பட்டது மாதிரி பாவனை செய்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது வெற்றிலை பாக்குத் தட்டோடு அவளே என்னிடம் வந்தாள். பட்டுப்புடவையில் நடை தடுமாறியது.

"பாத்தேளா டீச்சர்?"

"பார்த்தேன்."

"எனக்கு அது பிடிக்க வரும்னு உங்களுக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும் மோளே" என்றேன். அவள் நிற்கவில்லை, உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆட்டம் நடந்தது. நடுக்கட்டத்தில் வேறு பெண்ணை நிறுத்தினேன். கேவலமாகத் தோற்றோம். ஆனாலும் வெளியூர் அணியை வரவழைத்தவள் என்று எனக்குப் பெயர் கிடைத்தது, வேலை நிரந்தரமாயிற்று. பிற்காலத்தில் கோப்பைகள்கூட வந்தன. பிரிவு உபசாரத்தில் மாலை போட்டு, கூடைப்பந்தை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் என்று பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளி ஆளோடு அவள் ஆடியது அந்த நலுங்கு ஒன்றுதான். அதிலும் தோற்றுக்கொடுத்துவிட்டாள்.