சிவப்புப் புழு மட்டும்

ஞாயிறு காலைகளில் ஆற்றில் பூச்சி எண்ணப் போன அந்த இரண்டு வருஷமும் என் மனம் ஓரிடத்தில் நின்றதில்லை.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, காவிரியின் கிளையாறு ஒன்று கடலைத் தொடுமுன் கடைசியாகப் பாயும் ஊர் எங்களுடையது. நான் அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியை. வயல்கள் இறால் பண்ணைகளாக மாறிக்கொண்டிருந்தன. ஆட்சியில் ஒரு கழகம் போய் இன்னொரு கழகம் வந்தும் அது நிற்கவில்லை. தண்ணீர் கெடுகிறதா என்று நாமே பார்த்துவிடுவோம் எனச் சிலர் சேர்ந்தோம். விலங்கியல் பேராசிரியர் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார்: சேற்றைக் காலால் கலக்கி, வலையில் விழுவதை வெள்ளைத் தட்டில் கொட்ட வேண்டும். தண்ணீரில் வளரும் தட்டான்பூச்சிக் குஞ்சும் நத்தையும் கிடந்தால் தண்ணீர் நன்றாயிருக்கிறது. சிவப்புப் புழு மட்டும் என்றால் கெட்டுவிட்டது.

எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு அக்கா. எங்கள் வயலிலேயே பல வருஷம் நடவு நட்டவர். அந்த வயலைத்தான் என் அண்ணன் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அக்காவுக்கு வேலை போனது. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓர் ஐப்பசி ஞாயிறு, எங்கள் வயலில் வந்த அந்தப் பண்ணையின் கழிவுக் குழாய்க்குக் கீழே வலை போட்டோம். தட்டில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. குழாய்க்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கம், தட்டான் குஞ்சுகள் இருந்ததைச் சற்றுமுன்தான் எழுதியிருந்தேன். இப்போது பேனாவை மூடினேன்.

"மழைத்தண்ணி கலங்கியிருக்குக்கா. அடுத்த வாரம் பாத்துட்டு எழுதலாமா?"

"மேக்கயும் அதே மழைதானே டீச்சர் பேஞ்சுது?" பேனாவுக்குக் கை நீட்டினார். "குடுங்க, நான் எழுதுறேன். அண்ணன் கேட்டா என்னையே சொல்லுங்க."

அதுதான் சுட்டது. நானே எழுதினேன்.

பண்ணைக் கழிவு பற்றித் தாலுகா ஆபீஸில் நடந்த பேச்சுவார்த்தையில் நோட்டை வாசித்தேன். அண்ணன் எதிர்வரிசையில் பண்ணைக்காரர்களோடு இருந்தார்.

"புழுவை வச்சு ஆர்டர் போட முடியாதும்மா," என்றார் அதிகாரி. பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. வாசலில் என்னை நிறுத்தினார்.

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அண்ணன் வண்டியை எடுத்தார். பிறகு ஒரு வருஷம் பேச்சே இல்லை.

நாங்கள் எண்ணுவதை விடவில்லை. அக்கா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. கடைசியில் பண்ணையை எங்கள் நோட்டு மூடவில்லை, இறாலுக்கு வந்த நோய்தான் மூடியது. உப்பேறிய நிலத்தைப் போட்டுவிட்டு அவர்கள் போனார்கள். நடவு வேலை திரும்பவில்லை. அக்கா பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டார். போகும் நாளில் பள்ளி வாசலில் நின்று, "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த புரட்டாசியில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பக்கெட்டில் வயல்சேறும் தண்ணீரும்.

"உப்புப் போகணும்னு வயல்ல ஆத்துத் தண்ணிய ரெண்டு தரம் கட்டி வடிச்சுட்டேன். இதுல ஏதாவது உசுரு இருக்கா பாரு."

நெடுநேரம் அலசிப் பார்த்தேன்.

"இன்னும் இல்லண்ணே."

"சரி. மறுபடி கட்டிட்டுக் கொண்டாரேன்."

காபி போட எழுந்தேன். அதற்குள் போய்விட்டார்.