பரிஸ் கணக்கர்

தில்லையம்பலம் தன் வாழ்நாளில் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. அந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை. கனடாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் ரொறன்ரோ அணி எந்த ஆண்டு எந்த மாதம் எத்தனையாவது இடத்தில் நின்றது என்று கேட்டால், பரிஸின் ரூ பெர்தொனே வீதியில் வெண்டிக்காய்ப் பெட்டியை இறக்கியபடியே சொல்லிவிடுவார். கேட்கத்தான் ஆள் இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கிரிக்கெட் பேச ஆள் உண்டு, உதைபந்து பேச ஆள் உண்டு, ஒருவரும் கேட்காமலே அரசியல் பேச ஊரே உண்டு. பேஸ்போலுக்கு அவர் ஒருவர்தான்.

ரொறன்ரோவில் இரவு தொடங்கும் ஆட்டம் பரிஸில் விடியப்போகும் நேரத்தில் முடியும். வீடு இருக்கும் கார்ஜில் ஆறு இருபது ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கைத்தொலைபேசியை எடுப்பார். யார் வென்றது, யார் தோற்றது, யாருக்கும் யாருக்கும் இடையில் எத்தனை ஆட்ட வித்தியாசம். கார் து நோர் நிலையம் வருவதற்குள் எல்லாம் தலைக்குள் ஏறிவிடும். பிறகு நடந்து போய்க் கடையைத் திறப்பார். மரக்கறிப் பகுதி அவருடையது. பதினெட்டு வருடமாக அந்தக் கடைதான்.

இந்த விசர், இந்தப் பந்துப் பைத்தியம், தொடங்கியது 2009 மே மாதத்தில்.

மூன்று சகோதரர்கள். மூத்தவர் ராதாகிருஷ்ணன், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் டக்ஸி ஓடியவர். நடுவில் இவர். கடைசி கரிகாலன். அவன் கிளிநொச்சியில் கூட்டுறவுக் கடை மனேஜர், கலியாணம் கட்டாதவன். சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனான். மே பதினாறாம் தேதி வட்டுவாகல் பாலத்தடியில் கண்டதாக ஒருவர் சொன்னார். நீலச் சாரமாம், கையில் ஒரு தண்ணீர்க் கானாம். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. பதினெட்டாம் தேதி எல்லாம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணன் தொலைபேசி எடுத்தார். என்னத்தைப் பேசுவது? கடைசியில் அண்ணன்தான், டக்ஸி வானொலியில் கேட்டதைச் சொன்னார்.

"இஞ்சத்தை பேஸ்போல் ரீம் பதினெட்டாந் திகதி வரைக்கும் முதலாவதாய் நிண்டது, தில்லை. பிறகு ஒரே தோல்வி."

"அப்பிடியே அண்ணை?"

"ஓம்."

அதற்கடுத்த ஞாயிறு, தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றுப்போனதாகச் சொன்னார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மழை தண்ணியைப் பற்றிப் பேசுவதில்லையா, அப்படித்தான். ஆனால் செத்தவீடு ஒன்று நடந்திருக்க வேண்டும் அல்லவா? இவர்களுக்கு அதுவும் இல்லை. பேச்சு மட்டும் மிஞ்சிவிட்டது.

தில்லையம்பலம் அழவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். குளிரறையில் நேரம்போக நின்றால் விரல் விறைக்கும், வெளியில் வந்து கையை உரசினால் சரியாகும். இது சரியாகவில்லை. ஒரு வருடம் பார்த்தார், இரண்டு வருடம் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஞாயிறு தோறும் அண்ணனும் தம்பியும் பேசினார்கள். வெறும் பேச்சு விவாதமாக வளர்ந்தது. பேஸ்போலில் ஒரு அணி ஆறு மாதத்தில் நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதன் பிறகுதான் கிண்ணத்துக்கான சுற்று. பிரிவுக்கு ஒரு முதல்வன், அவன் முன்கதவால் உள்ளே போவான். பிரிவில் முதலாவதாக வராமலும் நன்றாக ஆடிய அணிக்குப் பக்கக் கதவு ஒன்று உண்டு. முதலில் ஒரு அணிக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. 2012இல் அதை இரண்டாக்கி, அந்த இரண்டும் ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஒன்று வெளியே போகட்டும் என்றார்கள். அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை.

"ஆறு மாதம் மாடு மாதிரி உழைச்சுப்போட்டு ஒரு ஆட்டத்திலை வீட்டை போறதோ? என்ன நியாயம்?" என்பார் ராதாகிருஷ்ணன். "முதலாவதாய் வந்தவன் மட்டும் ஆடட்டும். மற்றவன் போனது போனதுதான்."

"கதவை இன்னும் அகட்ட வேணும் அண்ணை. செப்ரெம்பரிலை நல்லாய் வாறவன் இருக்கிறான்தானே. ஏன் முதலே ஆளை வெட்டவேணும்?"

தில்லையம்பலம் ஏன் கதவை அகட்டச் சொன்னார் என்பது அண்ணனுக்குத் தெரியும். மூடிய பட்டியல் எதுவும் தில்லையம்பலத்துக்குப் பிடிக்காது. அகதி முகாம் பட்டியல், செஞ்சிலுவைப் பட்டியல், ஆணைக்குழுப் பட்டியல் என்று எத்தனையோ பார்த்தாயிற்று, தம்பியின் பெயர் ஒன்றிலும் இல்லை. ஆனாலும் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பந்தைப் பற்றியே பேசினார்கள்.

அண்ணன் அவரை ஸ்காபரோத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டார். எண்பது பேர், எண்பது அபிப்பிராயம். தோற்ற நாளில் எல்லாரும் பயிற்சியாளர், வென்ற நாளில் எல்லாரும் சாத்திரம் சொல்பவர். செப்ரெம்பர் பிறந்து அணி பின்தங்கினால், "இந்த வருசமும் சங்குதான்" என்று யாராவது எழுதுவார்கள். உடனே பரிஸிலிருந்து பதில் போகும்: "கணக்கு இன்னும் முடியவில்லை." மிச்சம் எத்தனை ஆட்டம், யார் யார் தோற்றால் வழி திறக்கும் என்று வரிசையாக எழுதியிருப்பார். குழுவில் அவருக்குப் 'பரிஸ் கணக்கர்' என்று பெயர் வைத்தார்கள். பட்டம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோசமும் இல்லை, கோபமும் இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் முடிவிலும் ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேர் வரும். அப்போது அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுப்பார். மனைவி யோகராணி, மகள் சுபாங்கி, அண்ணன், கடைசியாகக் "கரிகாலன், பூரட்டாதி". அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது. செத்தவருக்கு வேறு கிரியை, வேறு நாள். அந்தப் பெயர் வரும்போது யோகராணி வேறெங்கோ பார்ப்பாள்.

கடையில் மீன் வெட்டும் ஸ்ரனிஸ்லாஸ் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். அவன் ஒருநாள் சொன்னான்: "எங்களிலை லேசு அண்ணை. காணாமல் போனவனுக்கும் பூசை ஒப்புக்குடுப்பம். இருந்தால் அவனுக்குச் சுகம், இல்லாட்டி ஆன்மாவுக்கு இளைப்பாற்றி. கடவுள் பாத்துப் பிரிச்செடுப்பார்."

"எங்களிலை நாங்கள்தான் பிரிச்சுக் குடுக்கவேணும்" என்றார் தில்லையம்பலம்.

2021 மே மாதம் அண்ணன் பந்தை விட்டுவிட்டுப் பேசினார்.

"பன்னிரண்டு வருசம் முடிஞ்சுது, தில்லை. ஐயரைக் கேட்டனான். பன்னிரண்டு வருசம் சேதி இல்லையெண்டால் தர்ப்பையிலை உருவம் செய்து கிரியை செய்யலாமாம். பிள்ளை குட்டி இல்லாதபடியால் நான் செய்யலாமாம். ஆனால் கூடப்பிறந்தவை எல்லாரும் ஒத்துக்கொள்ள வேணுமாம். எனக்கு ரெண்டு தரம் இருதயம் வெட்டியாச்சு. எனக்குப் பிறகு ஆர் செய்யிறது? நீ ஓமெண்டு சொல்லு."

ஓம் என்றால் தம்பி செத்துவிட்டான். இல்லை என்றால், அண்ணன் அந்தக் குறையோடு போவார். தில்லையம்பலம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"சீசன் முடியட்டும் அண்ணை. சொல்லுறன்."

பக்கத்தில் கீரை அரிந்துகொண்டிருந்த யோகராணி கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு மனிசன்ரை காரியத்தைக் கொண்டுபோய்ப் பந்தடியிலை கட்டுறியளே. உங்களுக்கு என்ன விசரோ?"

விசர்தான். அவருக்கும் தெரியும். ஆனால் நான்கு மாதம், ஐந்து மாதம் என்று ஒரு தவணை கிடைத்தது. அது போதும் என்றிருந்தது.

அந்த ஆண்டு ரொறன்ரோ யூலை வரை தூங்கி வழிந்தது. ஆகஸ்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. செப்ரெம்பரில் பேய் பிடித்ததுபோல் எழும்பியது. மாத நடுவில் பக்கக் கதவுக்குள் ஒரு காலை வைத்தும்விட்டது. குழுவில் திருவிழா. ரயிலில் தில்லையம்பலத்தின் பெருவிரல் ஓயாமல் ஓடியது. ஞாயிறு பேச்சில் அண்ணன் கிரியை பற்றி வாயே திறக்கவில்லை. அணி உள்ளே போனால் சீசன் நீளும், பதிலும் தள்ளிப்போகும். அவருக்கும் உள்ளூர அணி உள்ளே போக வேண்டும்போலும் இருந்தது, போகக்கூடாதுபோலும் இருந்தது. இருவருக்கும் அதே நிலைதான்.

கடைசி நாள் ஒக்ரோபர் மூன்றாம் தேதி, ஞாயிறு. நியூயோர்க், பொஸ்ரன் இரண்டில் ஒன்று தோற்று ரொறன்ரோ வென்றால் இன்னும் ஒரு ஆட்டமாவது கிடைக்கும். தில்லையம்பலம் தொலைபேசியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் ரயிலில்தான் திறந்தார். சுபாங்கி பக்கத்தில் இருந்தாள். அவளும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவள். எட்டிப் பார்த்தாள்.

"செ ஃபினி, பாப்பா" என்றாள் மெதுவாக. முடிந்துவிட்டது, அப்பா.

ரொறன்ரோ வென்றிருந்தது. பன்னிரண்டுக்கு நான்கு, அமோக வெற்றி. நியூயோர்க் கடைசி வீச்சில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தப்பியது. பொஸ்ரன் ஒன்றுக்கு ஐந்தென்று பின்தங்கிக் கிடந்து எழும்பி வென்றது. ரொறன்ரோவுக்குத் தொண்ணூற்றொரு வெற்றி, ஒரே ஒரு ஆட்டத்தால் வெளியே. எண்பத்தெட்டு மட்டும் வென்ற அட்லாண்டா, தன் பிரிவில் முதல் என்பதற்காக முன்கதவால் உள்ளே போய்விட்டது. குழுவில் ஆளாளுக்குக் கொதித்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஒருவர் எழுதினார். இது என்ன விதி, எந்த மடையன் போட்ட விதி என்று இன்னொருவர். கணக்கர் எங்கே, கணக்கர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். கணக்கரிடம் கணக்கு இல்லை. செய்யக்கூடியதை எல்லாம் செய்து, வெல்ல வேண்டியதை வென்று, அதன் பிறகும் வெளியே நிற்கலாம் என்பது மட்டும் விளங்கியது.

பகல் இரண்டு மணிக்கு, ரொறன்ரோவில் விடிந்திருக்கும் என்று பார்த்து, கடைக்குப் பின்னால் நின்று அண்ணனுக்கு எடுத்தார்.

"செய்யுங்கோ அண்ணை."

"ஓமோ?"

"ஓம்."

அவ்வளவுதான். உள்ளே போய் முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்தார். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில் அண்ணன் காணொளி அனுப்பினார். ஒரு முழ நீளத் தர்ப்பை உருவம், சின்னத் தீ, பிறகு ஏரிக்கரை. தில்லையம்பலம் ரயிலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணனின் தோள் குலுங்கியது தெரிந்தது. குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த மார்ச் மாதம் செய்தி வந்தது. அந்த ஆண்டிலிருந்து பக்கக் கதவு மூன்று அணிக்குத் திறக்குமாம். அந்த ஒற்றை ஆட்டமும் இனி இல்லை, மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால் போதும். குழுவில் சிலர் பாராட்டினார்கள், சிலர் இனிச் சந்தியில் நிற்கிறவனுக்கும் இடம் கொடுப்பார்கள் என்று நக்கலடித்தார்கள். தில்லையம்பலம் அதை மூன்று தரம் வாசித்தார். இந்த விதி ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் ரொறன்ரோ உள்ளே. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத, கையை எங்கே வைப்பதென்று தெரியாத கோபம். பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக அவருக்கு ஏதோ ஒன்று வந்தது. கார் து நோர் வந்ததும் இறங்கிப் போனார். அந்த ஞாயிறு அண்ணனும் அவரும் குளிரைப் பற்றியே பேசினார்கள்.

ஆகஸ்ட் முடிவில் தேர். ரூ பஜோல் நிறையச் சனம், வீதியெல்லாம் தேங்காய் மலை. அர்ச்சனைக்கு வரிசையில் நின்றார்கள். முறை வந்தது. தில்லையம்பலம் வழக்கம்போல் சொன்னார்:

"யோகராணி, ரோகிணி. சுபாங்கி, சித்திரை. ராதாகிருஷ்ணன், மகம். கரிகாலன், பூரட்டாதி."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. ஐயர் அதற்குள் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். யோகராணி இந்த முறை வேறெங்கும் பார்க்கவில்லை, இவரையே பார்த்தாள். நிறுத்துங்கோ என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அவர் சொல்லவில்லை. கரிகாலன், பூரட்டாதி என்று ஐயரின் குரலில் கேட்டது. கற்பூரம் எரிந்தது. இரண்டு கையையும் நீட்டி அதைத் தொட்டார். விரல் சுட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு எடுத்தார்.

"அண்ணை, பிழையொண்டு விட்டிட்டன். அர்ச்சனைக்குத் தம்பியின்ரை பேரையும் குடுத்திட்டன்."

கிரியை செய்த கை அண்ணனுடையது. ஏச்சு வரும் என்று தில்லையம்பலம் காத்திருந்தார்.

"ஐயர் சொன்னவரோ?"

"சொல்லிப்போட்டார்."

"நட்சத்திரமும்?"

"ஓம் அண்ணை. பூரட்டாதி."

ராதாகிருஷ்ணன் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. போனது போனதுதான் என்று ஆயிரம் தரம் சொன்ன மனிதர்.

"சீசன் முடிய இன்னும் எத்தினை ஆட்டம் கிடக்கு?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு."

"அப்ப கணக்கு இன்னும் முடியேல்லை" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.