கைத்தடியில் கேட்டவர்

வாவியின் மூலையொன்றை மண்போட்டு நிரப்பினால் மீன்குஞ்சுகள் அழியும் என்ற எங்கள் மாணவர் ஆய்வை அரசியல்வாதிகளுக்கு விளக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். பிரதேச சபை உறுப்பினர்; வெள்ளை வேட்டி, இமைக்காத கண்கள். யார் பேசினாலும் கைத்தடியின் பிடியைக் காதில் வைத்தே கேட்பார், தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து நீருக்கடியில் மீன் சத்தம் கேட்பதுபோல.

மற்றவர்கள் தேநீருக்கு எழுந்ததும், நாங்கள் கொண்டுபோயிருந்த வாவித் தண்ணீர் வாளிக்குள் தடியை விட்டுக் காது கொடுத்தார். பிறகு தடியை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"எந்த இடத்துத் தண்ணி புள்ள?"

"நிரப்பப் போற மூலை, ஐயா."

"உள்ளுக்க ஆக்கள் கதைக்கிறாங்க. மூடவேணாம்."

சபை வாக்கெடுப்பில் மூலையை நிரப்புவதை அவர் ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கினார். மூலை இன்று மண்மேடு. வாளி அதே தண்ணீரோடு இன்னும் எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நாங்கள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.